டி.எம்.எஸ். எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

உங்களிடம் கார் இருக்கிறதா? இல்லாவிட்டால் பரவாயில்லை, மச்சினன் காராவது இருக்கும். அதில் அறுபதுகளில் வந்த டி.எம்.சௌந்தரராஜன் பாட்டு ஒன்றைப் போடுங்கள். இன்ஜின் ஓட வேண்டாம். ஏ.சி. வேண்டாம். சத்தத்தை முன் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் தள்ளிவிட்டு, கண்ணாடியை ஏற்றி, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒரே ஒரு கேள்விதான். டி.எம்.எஸ். எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

டாஷ்போர்டின் நடுவில், பிள்ளையார் பொம்மை ஒட்டியிருக்கும் இடத்தில் உட்கார்ந்து பாடுகிறாரா? உங்கள் வண்டி பிழைத்தது. அங்கே இல்லாமல் குரல் இரண்டாகப் பிளந்து, இடது கதவில் பாதி வலது கதவில் பாதி, பின் மண்டைக்குள் ஏதோ ஒரு மூலையில் என்று அலைகிறதா? அந்தக் கம்பீரமான அடிக்குரல் போய், ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி ஒலிக்கிறதா? உங்கள் வண்டியில் யாரோ ஒரு ஸ்பீக்கருக்கு வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பிளஸ் போக வேண்டிய இடத்தில் மைனஸ்.

விஷயம் சுலபம். அந்தக் காலத்துப் பாட்டுகள் 'மோனோ'. இரண்டு ஸ்பீக்கரிலும் வருவது ஒரே சத்தம். இரண்டு காகிதக் கூம்புகளும் ஒன்றாக வெளியே வந்து, ஒன்றாக உள்ளே போனால், குரல் சரியாக நடுவில் நிற்கும். வயர் மாறிப்போனால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். ஒரு 100 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் கிட்டத்தட்ட 3.4 மீட்டர். காருக்குள் அது காலை நீட்டிப் படுக்கக்கூட இடம் கிடையாது. அதனால் அடிச்சுருதிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மிச்சம் இருப்பது சத்தத்தின் எலும்புக்கூடுதான்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். 1922-ல் மதுரையில் பிறந்த ஒருவரின் குரல் போதும். 2023-ல் முனிச்சாலையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதே முனிச்சாலை வழியாக, அவர் குரலை இரண்டு துண்டாக வெட்டிப்போட்டபடி எத்தனை கார்கள் போகின்றனவோ!

இதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறேன். படத்துக்கு விமர்சகர் உண்டு. பாட்டுக்கு உண்டு. டீக்கடைக்கு டீக்கடை இருக்கிறார்கள். மதுரைக்காரன் முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வந்து சொல்லும் ஒரு வரியில் படம் ஓடுமா ஓடாதா தெரிந்துவிடும். இசையமைப்பாளர் யோசித்தார், பாடகர் உயிரைக் கொடுத்தார், ஒலிப்பதிவாளர் ராத்திரியெல்லாம் முழித்தார். எல்லாம் முடிந்து, அந்தப் பாட்டு ஸ்பீக்கரிலிருந்து உங்கள் காதுக்கு வருகிற கடைசி நாலடி இருக்கிறதே, அந்த நாலடிக்கு மட்டும் விமர்சகர் கிடையாது. அங்கே நடக்கிற கொலைகளுக்கு எஃப்.ஐ.ஆர். இல்லை!

மேலூர் ரோட்டிலோ திருமங்கலம் பக்கமோ சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டியைக் கவனியுங்கள். கண்ணாடி நடுங்கும். நம்பர் பிளேட் தாளம் போடும். உள்ளே ஓடுவது என்ன பாட்டு என்று மட்டும் தெரியாது. அந்த வண்டிக்காரரைக் கேளுங்கள், பெருமையாகச் சொல்வார்: "எழுபதாயிரம் ஆச்சு சார். அதிருதுல்ல?"

அதிருகிறது. அதுவா கேள்வி?

நம் ஊரில் கார் ஸ்டீரியோவுக்கு இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான். கடைக்காரரும் அதையேதான் விற்கிறார். டெமோ பாட்டு என்று ஒன்று வைத்திருப்பார். அதில் குரலே இருக்காது. தொம்... தொம்... தொம். உங்கள் நெஞ்சு அதிர்ந்ததும் பர்ஸ் தானாகத் திறக்கும்.

முதலில் அந்த ஸ்டிக்கரைப் பற்றி இரண்டு வார்த்தை. டெக்கின் மூஞ்சியில் '50 வாட்ஸ் இன்ட்டு 4' என்று போட்டிருக்கும். பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது காரின் மின்சாரம் ஏறக்குறைய 14.4 வோல்ட். சாதாரண டெக்கில் அதைத் தாண்டிக் கொடுக்க வழியில்லை. ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ அதாலேயே பெருக்கி, 8-ஆல் வகுத்தால் வருவது 26 வாட். வழியில் கழியும் சேதாரம் போக, சுத்தமான சத்தமாகக் கிடைப்பது 20 சொச்சம். மீதி எல்லாம் ஸ்டிக்கர் பாடுகிற பாட்டு.

தனியாக ஆம்ப்ளிஃபயர் வாங்கினால்? '1,200 வாட்ஸ்' என்று எழுதியிருக்கும். அதை நம்புவதற்கு முன் பின்பக்கம் திருப்பி ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 30-ஐ 14-ஆல் பெருக்கினால் 420. உள்ளே போவதே 420 வாட். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் பழைய பாணி ஆம்ப் சத்தமாக மாற்றும், மீதி சூடு. 'கிளாஸ் டி' வகை என்றால் எண்பது சதவிகிதத்துக்கு மேல் தேறும். எப்படிப் பார்த்தாலும் 420 உள்ளே போய் 1,200 வெளியே வர அது என்ன, அட்சய பாத்திரமா? பிஎம்பிஓ என்று ஒரு அளவு போடுவார்கள். அதற்குப் பொதுவான இலக்கணமே கிடையாது. கேட்க வேண்டியது ஆர்எம்எஸ் எவ்வளவு என்று. கேட்டுப் பாருங்கள், கடைக்காரரின் முகம் மாறும்.

இன்னொன்று, வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆக, வாட் வாங்குவது என்பது ஓட்டை வாளியில் தண்ணீர் மொள்ளும் வேலை. முதலில் ஓட்டையை அடைக்கலாமே?

அடைப்பது எப்படி என்று ஒரு மனிதரிடம் பார்த்தேன்.

நண்பர் ஒருவர், திருமங்கலம் பக்கம். ஆம்ப், சப்வூஃபர் எல்லாம் வைத்து வண்டியை ஜோடித்தார். பாட்டோடு சேர்ந்து ஒரு 'கொய்ங்ங்' வந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கொய்ங்கும் மேலே ஏறும், விட்டால் இறங்கும். சுருதி சுத்தமாக! ஒரு கடையில் ஒயர் மட்டம் என்று புது ஒயர் போட்டார்கள். போகவில்லை. இரண்டாவது கடையில் ஃபில்டர் என்று ஒரு டப்பா மாட்டினார்கள். கொய்ங் கொஞ்சம் குறைந்தது, பாட்டும் குறைந்தது. மூன்றாவது கடையில், "ஆம்பே போச்சு சார், வேற போட்டுரலாம்" என்றார்கள். யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொருவரும் தன்னிடம் இருந்ததை விற்றார்கள். என்ன பழுது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நாலாவதாகப் போனது அலங்காநல்லூர் பக்கம் ஒரு பெரியவரிடம். முப்பது வருஷம் ரேடியோ செட் கட்டியவர். அவர் கார் ஸ்டீரியோ மெக்கானிக்கே இல்லை.

"தம்பி, வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. பண்ணியாச்சா? இப்ப அந்த ஆம்புல டெக்குலேர்ந்து வர்ற ஒயரைப் புடுங்குங்க."

"புடுங்கிட்டேண்ணே."

"சத்தம் இருக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப ஆம்பு நல்லாருக்கு. பதினாலாயிரம் மிச்சம். இப்ப உங்க போனை நேரா ஆம்புல மாட்டுங்க. சார்ஜர்ல சொருகாம, சும்மா."

பாட்டு வந்தது. கொய்ங் இல்லை.

"ரைட்டு. டெக்குக்கும் ஆம்புக்கும் எர்த்துல சண்டை. ஆம்போட எர்த்த எங்க முறுக்கியிருக்கான், பாப்போம்."

பின் சீட்டுக்கு அடியில், பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். பெரியவர் உப்புத்தாளை எடுத்து, தகரம் பளபளவென்று தெரியும்வரை தேய்த்தார். திரும்ப முறுக்கினார். கொய்ங் போயே போச்சு. மொத்தம் இருபது நிமிஷம். செலவு, அரைத் துண்டு உப்புத்தாள்.

என்ன நடந்தது? காரில் தனியாக மைனஸ் ஒயர் இழுப்பதில்லை. வண்டியின் உடம்பே மைனஸ். ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் கொஞ்சம் அலை மிச்சம் இருக்கும், இன்ஜின் வேகத்துக்குத் தகுந்தபடி அது ஏறி இறங்கும். எர்த் சரியாக இருந்தால் அது வந்த வழியே ஓடிவிடும். பெயின்ட் குறுக்கே நின்றால், பாட்டு போகிற ஒயர் வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கும். போகிற போக்கில் பாட்டோடு சேர்ந்து பாடும். போனை லைட்டர் பாயின்ட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஒயர் வழியாகப் பாட்டுக் கேட்டால் கொய்ங் வருகிறதே, அதுவும் இதே சண்டைதான். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

எனக்கு ஆச்சரியம் அந்த வைத்தியம் அல்ல, பெரியவரின் முறை. மற்ற மூன்று பேரும் வண்டிக்குள் எதையாவது சேர்த்தார்கள். இவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். எங்கே கற்றுக்கொண்டார்? திருவிழாவில். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். ஒரே லைன். ராத்திரி பத்து மணிக்கு எங்கேயோ ஒயர் அறுந்து பாதி ஊர் ஊமையாகும். எந்தக் கம்பத்தில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். நேராக லைனின் நடுவுக்குப் போவார்கள். அங்கே பாடுகிறதா? பழுது இதற்கு மேலே. பாடவில்லையா? கீழே. மறுபடி அந்தப் பாதியின் நடு. 64 ஸ்பீக்கர் என்றாலும் ஆறே இடத்தில் நின்று கேட்டால் போதும், ஆள் அகப்பட்டுவிடுவான். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைப் பெரிய பெயர் வைத்து முதல் வருஷமே சொல்லித் தருகிறார்கள். அலங்காநல்லூர்ப் பெரியவர் சைக்கிளில் போய்க் கற்றுக்கொண்டார்.

சரி, டி.எம்.எஸ். நடுவில் உட்கார்ந்துவிட்டார், கொய்ங் போய்விட்டது. அடுத்த பரீட்சை. அதற்கும் மதுரைக்காரர்களே போதும்.

'தில்லானா மோகனாம்பாள்' 1968-ல் வந்தது. சிவாஜி கையில் நாகஸ்வரம் இருக்கும். அதன் உயிர், மதுரை சகோதரர்கள் எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி இருவரின் மூச்சு. அந்தப் படத்தின் நாகஸ்வரம் எதையாவது போட்டு, நீங்கள் வழக்கமாக வைக்கிற அளவுக்குச் சத்தத்தை ஏற்றுங்கள். காதுக்குள் தேன் ஊற்ற வேண்டியதில்லை, நாகஸ்வரம் கொஞ்சம் முரட்டு வாத்தியம்தான். ஆனால் கோயில் வாசலில் நின்று கேட்கும் முரட்டுத்தனம் வேறு, தகர டப்பாவைக் கல்லில் தேய்க்கும் முரட்டுத்தனம் வேறு. இரண்டாவது கேட்டால், ஆம்ப் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம்.

ஆம்பில் 'கெய்ன்' என்று ஒரு திருகு இருக்கும். அதை எல்லோரும் வால்யூம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வால்யூம் இல்லை. டெக் கொடுக்கும் சத்தத்தை ஆம்ப் எந்த அளவில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஒப்பந்தம். அதை முழுக்கத் திருகிவிட்டால், பாட்டின் அலை ஆம்பின் உச்சவரம்பில் போய் முட்டும். கோபுரத்தின் உச்சியைச் சீவி மொட்டை மாடி ஆக்கின மாதிரி, அலையின் தலை தட்டையாகும். தட்டையான அலையில், பாட்டில் இல்லாத புதுச் சுரங்கள் முளைக்கும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000-லிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை. முளைக்கிற பேய்களில் பலவும் அங்கேதான் வந்து குடியேறும். நாகஸ்வரத்தின் சாரமும் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் அது முதலில் காட்டிக்கொடுக்கிறது. ட்வீட்டர் எரிவதும் பெரும்பாலும் இப்படித்தான். "பவர் ஜாஸ்தியாகி எரிஞ்சுபோச்சு" என்பார்கள். பல சமயம், பவர் போதாமல் திணறிய ஆம்ப் எரித்தது அது.

வைத்தியம்: கெய்னைக் குறைந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். டெக்கில் பேஸ், ட்ரெபிள், 'லவுட்' எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். வால்யூமை முக்கால்வாசி வையுங்கள். பிறகு கெய்னை மெல்ல மெல்ல ஏற்றி, நாகஸ்வரம் தகரமாகும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். அதுதான் உங்கள் வண்டியின் யோக்கியதை. அதற்கு மேல் ஆசைப்பட்டால் மானம் போகும்.

மூன்றாவது பரீட்சை அடிச்சுருதிக்கு. 1943-ல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவையும் மதுரைக் கணக்கில் சேர்க்கலாம், அன்றைக்குத் தேனிப் பக்கமெல்லாம் மதுரை மாவட்டம்தான். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் கிடாருக்குப் பேர்போன அந்த நிலாப் பாட்டைப் போடுங்கள். மேலே எஸ்.பி.பி., நடுவில் கிடார். அதெல்லாம் எல்லோருக்கும் கேட்கும். நீங்கள் கீழே போங்கள். அங்கே பேஸ் கிடார் தன் பாட்டுக்கு ஒரு மெட்டு பேசிக்கொண்டு போகும். அதை உங்களால் முணுமுணுக்க முடிகிறதா?

முடிந்தால் நல்ல சப்வூஃபர். ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியாமல் எல்லாச் சுரமும் ஒரே 'தொம்' என்று கேட்டால், நீங்கள் வாங்கியது சப்வூஃபர் இல்லை, உரல். துளை வைத்த மரப்பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடித்த சுருதி உண்டு. கணக்குப் பார்க்காமல் ஆசாரியிடம் சொல்லி அடித்த பெட்டி, அந்த ஒரு சுருதியை மட்டும் கத்திச் சொல்லும். மற்றதை முழுங்கும். 'அதிருதுல்ல' என்று பெருமைப்படுகிறோமே, அது பெரும்பாலும் இந்த ஒற்றைச் சுரம்தான்.

என் விமர்சனம் முழுவதையும் ஒரு வரியில் கேட்டால் இதுதான். ராஜா அங்கே ஒரு மெட்டை எழுதி வைத்திருக்கிறார், நாம் அதை அடியாக மாற்றிக் கேட்கிறோம். மெட்டு கேட்டால் யோசனை வரும். அடி கேட்டால் தலை மட்டும் ஆடும்.

பெட்டியை மாற்றுவதற்கு முன் டிக்கியைப் பாருங்கள். ஜாக்கி, ஸ்பேனர், போன தீபாவளிக்கு வாங்கிய ஏதோ ஒரு சாமான். எல்லாம் தாளம் போடும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் துண்டு ஸ்பாஞ்ச் ஒட்டினாலே பாதி வியாதி போகும். இன்னொரு சின்ன வேலை, டெக்கில் 'கிராஸ்ஓவர்' இருந்தால் சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்கு மேல் அனுப்பாதீர்கள். அனுப்பினால் ஆண் குரல் டிக்கியிலிருந்து வரும். கடத்திக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

எதெல்லாம் பழுது இல்லை என்றும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கடை திறந்துவிடுவார்கள்.

ஓட்டுகிறவருக்கு டி.எம்.எஸ். வலது கதவுப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அது பழுது இல்லை. வலது ஸ்பீக்கர் அவருக்குக் கிட்டத்தில் இருக்கிறது, இடது அரை மீட்டர் தள்ளி. சத்தம் ஆயிரத்தில் ஒரு விநாடியில் 34 சென்டிமீட்டர் நடக்கும். அந்த அரை மீட்டர், ஒன்றரை மில்லி விநாடி. நம் காது அதில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட உணரக்கூடியது. பேலன்ஸை இடது பக்கம் இரண்டு புள்ளி நகர்த்துங்கள், போதும்.

நாலு வழிச் சாலையில் 90-ல் போகும்போது பழைய பாட்டு கேட்கவில்லையா? அதுவும் பழுது இல்லை. டயரும் காற்றும் சேர்ந்து போடும் இரைச்சல் 70 டெசிபலைத் தொடும். அந்தக் காலத்துப் பாட்டில் மெல்லிய இடம் மெல்லியதாகவே இருக்கும், அது இரைச்சலில் முழுகும். இப்போதைய பாட்டுகளில் மெல்லியதையும் தூக்கி உச்சத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் காரில் 'நல்லா' கேட்கிறது. வீட்டில் கேட்டால் அரை மணியில் அலுக்கிறது.

பிளாட்பாரத்தில் 'ஆயிரம் பாட்டு' என்று வாங்கிய பென் டிரைவா? ஒரு சி.டி. விநாடிக்கு 1,411 கிலோபிட் தகவல் சொல்லும். அந்தப் பென் டிரைவில் பாட்டு 128-க்குச் சுருக்கப்பட்டிருந்தால் பதினோரில் ஒரு பங்குதான் மிச்சம். ஜால்ரா சத்தம் தண்ணீர் குலுங்குவது போலக் கேட்டால் ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். பாட்டே பட்டினி.

மே மாத மத்தியானம் அரை மணி நேரம் பாடிவிட்டுச் சட்டென்று நின்று, சாயங்காலம் தானாகப் பாடுகிறதா? சீட்டுக்கு அடியில் கார்பெட்டால் போர்த்தி வைத்த ஆம்ப், சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. மதுரை வெயிலில் நாமே அதைத்தானே செய்கிறோம். அதற்குக் காற்று வேண்டும்.

இவ்வளவு நேரம் விளையாட்டாகச் சொன்னேன். இரண்டு விஷயம் விளையாட்டு இல்லை.

ஒன்று, பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் தடித்த சிவப்பு ஒயர். பானட்டைத் திறந்து, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் அதில் ஃபியூஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்றும், ஒயரைக் காப்பாற்றாது. அந்த ஒயர் இன்ஜினுக்கும் கதவுக்கும் நடுவே தகரத்தின் ஓட்டை வழியாக நுழைகிறது. குலுங்கிக் குலுங்கி ஒருநாள் தோல் கிழிந்து தகரத்தைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதில் கொட்டும். ஒயர் அடுப்புக் கம்பியாகும். அப்புறம் பாட்டைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை. ஒயரின் நுனியைச் சுரண்டியும் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பு தாங்குகிற அளவுக்கு அது தாங்காது, சூடேறும்.

இரண்டாவது, காது. தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்காக அமெரிக்காவில் வகுத்த ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம். மதுரையிலிருந்து சென்னை சுமார் 460 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். பின் சீட்டில் ஸ்பீக்கருக்கு ஒட்டினாற்போல் தூங்குகிற குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். காதுக்குள் இருக்கும் அந்த நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. அதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் எந்த வீதியிலும் விற்பதில்லை. இன்னொரு வேடிக்கை, அந்தச் செல்களில் முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கேட்பவை. பேச்சில் ச, த, க என்ற எழுத்துகளைப் பிரித்துச் சொல்வதும் அந்த வட்டாரம்தான். ஸ்பீக்கர் நன்றாக இருக்கும், பாடகர் நன்றாகப் பாடுவார், நமக்குத்தான் வார்த்தை புரியாது.

இப்போது வருகிற வண்டிகளில் டெக்கைக் கழற்றவே முடியாது. ஏ.சி., கேமரா, மேப், பாட்டு எல்லாம் ஒரே கண்ணாடிப் பலகைக்குள் போய்விட்டது. அதில் ஒன்று கெட்டால் பலகையையே மாற்றச் சொல்கிறார்கள். உப்புத்தாளோடு வந்து, "ஒவ்வொண்ணா கழட்டுவோம் தம்பி" என்று சொல்லும் பெரியவர்களுக்கு அங்கே நுழைய வாசல் இல்லை. பழுது பார்ப்பது என்றால் பழுதைப் பார்ப்பது. அதற்குப் பொறுமை வேண்டும், நடுவில் நின்று கேட்கும் காது வேண்டும். நாமோ மாற்றுவதைத்தான் பழுது பார்ப்பது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் அடுத்த தடவை ஸ்டீரியோ கடைக்குப் போகும்போது அவர்கள் டெமோ பாட்டைக் கேட்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த மூன்று பாட்டை எடுத்துப் போங்கள். ஒரு குரல், ஒரு நாகஸ்வரம், ஒரு பேஸ் கிடார். வால்யூமைப் பாதியில் வைக்கச் சொல்லுங்கள். "இன்னும் ஏத்திக் காட்டட்டா சார்?" என்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வார்த்தை புரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.